'யாரிடமும் சொல்லாதே' என்றால் உடனே சொல்லுங்கள்!

போன ஏலக்காய் சீசன் முடிந்த நேரம். போடியில் என் வைத்தியசாலைக்கு ஒரு பெரியம்மா வந்தார். மலையில் கொஞ்சம் ஏலத் தோட்டம் வைத்திருக்கும் குடும்பம். "தூக்கமே வரமாட்டேங்குது டாக்டரய்யா. நெஞ்சு படபடங்குது" என்றார். நாடி பார்த்தேன். மனதில் ஏதோ இருக்கிறது என்று தோன்றியது. கூட வந்த மருமகளைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கேட்டேன். அழுதுவிட்டார்.

"உன் பேர்ல வந்த பார்சல்ல போதை மருந்து இருக்குன்னு, போலீஸ் டிரஸ் போட்ட ஒருத்தன் வீடியோவில வந்து மிரட்டுனான்யா. ஃபோனை வைக்கக் கூடாது, வீட்ல யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னான். காய் வித்த பணம் அம்புட்டும் போச்சு. மகனுக்கு இன்னும் தெரியாது..."

இதைத்தான் 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்கிறார்கள். அப்படி ஒரு கைது நம் சட்டத்தில் கிடையவே கிடையாது. 2024 அக்டோபர் 27 அன்று பிரதமரே வானொலியில் இதைச் சொல்லி, 'நில்லுங்கள், யோசியுங்கள், பிறகு செயல்படுங்கள்' என்று எச்சரித்தார்.

"விவரம் தெரியாதவங்கதானே ஏமாறுவாங்க?" என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. அதே 2024-ல் பஞ்சாபின் பெரிய ஜவுளித் தொழிலதிபர் ஒருவரிடம், வீடியோவில் போலியாக உச்ச நீதிமன்ற விசாரணையே நடத்திக் காட்டி 7 கோடி ரூபாய் பறித்துவிட்டார்கள். நம்ம போடியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பைசஸ் போர்டின் ஏலக்காய் ஏலம் 2007-லேயே இங்கே கம்ப்யூட்டருக்கு மாறிவிட்டது. கம்ப்யூட்டர் நமக்குப் புதுசா என்ன? பயம் வந்தால் படித்தவருக்கும் புத்தி வேலை செய்யாது, அதுதான் விஷயம்.

இதை ஆராய்ச்சி செய்தே சொல்லியிருக்கிறார்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஃபிராங்க் ஸ்டஜானோவும், மோசடி வித்தைகளை டி.வி.யில் செய்து காட்டிய பால் வில்சனும் சேர்ந்து 2009-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஏமாற்றுக்காரர்கள் பயன்படுத்தும் ஏழு மனித பலவீனங்களை அதில் பட்டியல் போட்டார்கள். கவனத்தைத் திருப்புவது, அதிகாரத்துக்குப் பணியும் நம் பழக்கத்தைப் பயன்படுத்துவது, யோசிக்க விடாமல் அவசரப்படுத்துவது ஆகியவை அவற்றில் மூன்று. பெரியம்மாவிடம் இந்த மூன்றையும்தான் காட்டியிருக்கிறான்!

பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படித்தபோது எங்களுக்கு மூன்று சொன்னார்கள்: காப்பு, நீக்கம், நிறைவு. அதாவது வராமல் தடுப்பது, வந்ததைப் போக்குவது, இழந்த பலத்தைத் திரும்பத் தருவது. இதற்கும் அது பொருந்தும்.

காப்பு: வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து ஒரு முடிவு எடுங்கள். யார் ஃபோனில் மிரட்டினாலும், போலீஸ் என்றாலும், கோர்ட் என்றாலும், ஃபோனை வைத்துவிட்டு வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட வேண்டும். 'யார்கிட்டயும் சொல்லாதே' என்கிறானா? மோசடிக்கு அதுவே முதல் அறிகுறி. ஓ.டி.பி. எண்ணை யாருக்கும் சொல்லாதீர்கள். சேமிப்புப் பணத்தை செல்ஃபோனோடு இணைக்காத தனிக் கணக்கில் வையுங்கள்.

நீக்கம்: பாம்பு கடித்தால் நேரம் கடத்துவோமா? பறிபோன பணம் சில நிமிடங்களில் பல கணக்குகளுக்குத் தாவிவிடும். உடனே 1930 என்ற எண்ணுக்கு ஃபோன் செய்யுங்கள். போகிற வழியில் மிச்சம் இருக்கும் பணத்தை வங்கிகள் முடக்க அதுதான் வழி. பிறகு மாவட்ட சைபர் கிரைம் போலீஸில் புகார் கொடுங்கள். பணம் அனுப்பிய விவரம், அவன் பேசிய நம்பர், வந்த மெசேஜ் எதையும் அழிக்காதீர்கள். 'போன பணத்தை மீட்டுத் தருகிறேன், ஃபீஸ் கட்டு' என்று ஒருவன் வருவான். அவனும் அதே ரகம்தான்.

நிறைவு: இதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். பணத்தை இழந்தவரை, "புத்தி எங்கே போச்சு?" என்று திட்டுகிறோம். ஃபோனைப் பிடுங்கி வைக்கிறோம். அந்தப் பயத்தில்தானே பெரியம்மா நாள்கணக்கில் வாயைத் திறக்காமல் இருந்தார்? திட்டு விழாது என்று தெரிந்திருந்தால் முதல் மணி நேரத்திலேயே மகனிடம் சொல்லியிருப்பார். பணத்தில் கொஞ்சமாவது மிஞ்சியிருக்கும்.

வங்கிகளுக்கும் ஒரு வார்த்தை. போடிமெட்டு வளைவுகளில் ஜீப்பை மெதுவாகத்தானே இறக்குகிறோம்? வயதானவர் கணக்கிலிருந்து முன்பின் தெரியாத கணக்குக்குப் பெரிய தொகை போகும்போது ஒரு நாள் நிறுத்தி, அவரைக் கூப்பிட்டுக் கேட்டால் என்ன குறைந்துவிடும்?

பெரியம்மாவுக்கு அமுக்கரா சூரணம் கொடுத்தேன். அன்று சாயங்காலமே மகனை வரவழைத்து, என் முன்னால் சொல்ல வைத்தேன். அவர் கோபப்படவில்லை. "என்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா" என்று மட்டும் கேட்டார். புகார் கொடுத்தார்கள். பணம் இன்னும் வரவில்லை. ஆனால் மறுவாரம் வந்த பெரியம்மா, "இப்பத் தூங்குறேன்யா" என்றார்.

இன்று ராத்திரி சாப்பிடும்போது உங்கள் வீட்டிலும் இதைப் பேசுங்கள். "எது நடந்தாலும் திட்ட மாட்டோம், சொல்லுங்க" என்று பெரியவர்களிடம் நீங்களே முதலில் சொல்லுங்கள்.