கோயில் மேளப் பணியும் இசைப்பள்ளிச் சான்றிதழும்: சங்கத்தின் நிலைப்பாடு

கோயில் நாதஸ்வரம், தவில் பணியிடங்களுக்கு இசைப்பள்ளிச் சான்றிதழ் கேட்கப்படுவது குறித்துச் செயற்குழு எடுத்த நிலைப்பாடு இது. இந்தச் சான்றிதழைக் கேட்கும் 2020ஆம் ஆண்டுக் கோயில் பணி விதிகள் உறுப்பினர்கள் அறிந்தவையே.

1. சான்றிதழே கூடாது என்று சங்கம் சொல்லவில்லை. இசைப்பள்ளியில் படித்தவர்களும் அங்கே சொல்லிக்கொடுப்பவர்களும் நம்மில் இருக்கிறார்கள். குருவின் திண்ணை எல்லாச் சாதியாருக்கும் பெண்களுக்கும் இடம் தரவில்லை. அரசுப் பள்ளி தந்தது. அதை மறுப்பதற்கில்லை.

2. ஆனால் சான்றிதழ் இல்லை என்பதற்காக, வாசிப்பைக் கேட்காமலே விண்ணப்பத்தைத் தள்ளுவதை ஏற்க இயலாது. மூன்றாண்டுப் பாடத்திட்டம் சரளி வரிசையிலிருந்து கீர்த்தனை வரை முறையாகக் கொண்டுபோகிறது. கோயில் வேலை அதற்கு அப்பால் இருக்கிறது. தேருக்கு எந்த மல்லாரி, தளிகைக்கு எந்த மல்லாரி. விடியலில் பூபாளம், பள்ளியறைக்கு நீலாம்பரி. தேர் நடுவீதியில் நின்றுவிட்டால் ஆலாபனையை எவ்வளவு நீட்டுவது, வடம் அசைந்ததும் எங்கே முடிப்பது. தீபாராதனைக்குத் திரை விலகும்போது தவில்காரருக்குக் கண்ணாலேயே எப்படிச் சொல்வது. இவையெல்லாம் திருக்கழுக்குன்றத்துச் சித்திரைத் திருவிழாவிலும் திருப்போரூர் மாசிப் பிரம்மோற்சவத்திலும் ஆசிரியருக்குப் பின்னால் ஒத்து ஊதியும் தாளம் போட்டும் நடந்து நடந்து வந்தவை. நாதஸ்வரச் சீவாளியைப் பதம் பார்ப்பதும் தவிலுக்கு வார் இழுப்பதும் அந்த நடையில் கற்றவைதான்.

இருபது ஆண்டு இப்படி வாசித்தவரிடம் “எங்கே படித்தீர்கள்?” என்று கோயில் நிர்வாகத்தார் கேட்கிறார்கள். கேட்கட்டும். தினப்படி பூசைக்குச் சுவிட்சைத் தட்டினால் முழங்கும் மின்மேளத்தை மாட்டிவைத்துக்கொண்டு கேட்க வேண்டாம். அந்த இயந்திரம் எந்தப் பள்ளியில் தேறியது?

3. 2019 நவம்பரில் நம் செங்கல்பட்டு தனி மாவட்டமானபோது மாவட்ட அரசு இசைப்பள்ளி காஞ்சிபுரத்தோடு நின்றுவிட்டது. மாமல்லபுரத்துப் பிள்ளைக்கு அது தினமும் போய்வரும் தூரமல்ல. சேர்க்கை வயதோ 25 வரைதான். நாற்பது வயது வித்வான் இனிமேல் சேர்ந்து சான்றிதழ் வாங்கவும் வழியில்லை.

4. இந்த நிலைப்பாடு கோயில் மேளத்துக்கு மட்டுமே. கூத்தில் முகவீணை, மிருதங்கம் வாசிப்போரின் நிலை தனியே பரிசீலிக்கப்படும்.

இதனால் சங்கம் கோருவது:

அ. குருகுலவாசமாகக் கற்றவர்களுக்கு ஆசிரியரின் கடிதமும் கோயில்களில் வாசித்த சான்றும் இசைப்பள்ளிச் சான்றிதழுக்கு இணையாகக் கருதப்பட வேண்டும். எத்தனை ஆண்டுப் பயிற்சி என்பதில் செயற்குழுவில் ஒருமித்த கருத்து ஏற்படாததால் அது இங்கே குறிப்பிடப்படவில்லை.

ஆ. சான்றிதழ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லோருக்கும் வித்வான்கள் முன்னிலையில் வாசிப்புத் தேர்வு நடக்க வேண்டும்.

இ. செங்கல்பட்டு மாவட்டத்துக்குள் நாதஸ்வர, தவில் வகுப்புகள் வேண்டும். ஆசிரியர் நியமனத்தில் குருகுலத்தில் கற்றவர்களையும், இயன்றவரை, சேர்த்துக்கொள்ள வேண்டும்.

விண்ணப்பம் திருப்பப்பட்ட உறுப்பினர்கள் அதைத் தெரிவித்த கடிதத்தின் நகலைச் செயலாளரிடம் தரவும். வாய்வார்த்தையாகத் திருப்பப்பட்டிருந்தால் எழுத்தில் காரணம் கேட்டு வாங்கவும். எழுதித் தரத் தயங்குவார்கள், விடாதீர்கள்.