ஸ்வார்ட் டெயில் குட்டி போட்டுப் பெருகிடுச்சா? ஏரியில் விடக்கூடாது, ஏன்?

புதிதாக மீன் தொட்டி வைக்கிறவர்கள் கடையில் கேட்கும் முதல் கேள்வி, “எது அண்ணே சீக்கிரம் சாகாது?” கப்பி, மோலி என்று வரும் பதில்களில் ஸ்வார்ட் டெயிலும் நிச்சயம் இருக்கும். உண்மைதான், சுலபத்தில் சாகாது. ஆனால் பெருகும். எவ்வளவு பெருகும் என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை.

இதன் சொந்த ஊர் மெக்சிகோ, குவாத்தமாலா, ஹோண்டுராஸ் பகுதி ஓடைகள். அங்கே இது பச்சை கலந்த மீன். நாம் வாங்கும் அடர் சிவப்பு, பிளாட்டி மீனோடு கலப்பினம் செய்து வந்தது. வாலின் கீழ்ப்பகுதி வாள் மாதிரி நீண்டிருந்தால் ஆண். பி.எச். 7 முதல் 8 வரை உள்ள கடினத் தண்ணீர் இதற்கு ஒத்துப்போகும். அதனால்தான் சென்னையின் பல ஏரியாக்களில் வரும் போர் தண்ணியிலும் ஜோராக வாழ்கிறது. நன்றாகத் துள்ளும், தொட்டிக்கு மூடி அவசியம்.

ஆண் இல்லாமலே குட்டி எப்படி?

இது முட்டையிடாது, நேராகக் குட்டி போடும். சுமார் நான்கு வாரத்துக்கு ஒருமுறை, தாயின் அளவைப் பொறுத்து 20 முதல் 100 குட்டிகள் வரை. ஒருமுறை ஆணோடு சேர்ந்த பெண், விந்தணுவைப் பல மாதங்கள் உடலுக்குள் சேமித்து வைத்து, அடுத்தடுத்து குட்டி போடும். பெண் மீனை மட்டும் வாங்கி வந்தாலும் தொட்டி நிறைவது இதனால்தான். குட்டிகளே மூன்று, நான்கு மாதத்தில் அடுத்த தலைமுறைக்குத் தயார்.

“எங்க வீட்டுப் பெண் மீன் ஆணா மாறிடுச்சு” என்று சிலர் சொல்வார்கள். பெரும்பாலும் அது தாமதமாக வாள் முளைத்த ஆண்தான்.

ஏரியில் விட்டால் என்ன?

தொட்டி நிரம்பியதும் பலருக்குத் தோன்றுவது, பக்கத்து ஏரி. பாவம், பிழைச்சுப் போகட்டும் என்ற நல்ல மனசுதான். ஆனால் சேமித்த விந்தணுவோடு போகும் ஒரே ஒரு பெண் மீன், அங்கே புதிய கூட்டத்தையே தொடங்கிவிட முடியும். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்திலும் ஹவாய் தீவுகளிலும் ஸ்வார்ட் டெயில் இப்படிக் குடியேறி நிலைத்துவிட்டது. உள்ளூர் மீன்களின் இரைக்குப் போட்டி போடும்; தொட்டியில் இருந்த நோயும் கூடவே போகும். தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று வாங்கப்பட்ட சக்கர் மீன் இன்று சென்னை நீர்நிலைகளில் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. அதைத் திரும்பப் பிடித்து முடிக்க யாராலும் முடியவில்லை.

அப்போ என்ன செய்யலாம்?

குட்டிகளைக் காப்பாற்றத் தனி வலைப்பெட்டி வாங்காதீர்கள். பெரிய மீன்கள் குட்டிகளைத் தின்னும். பெற்ற தாயே தின்னும். கேட்க ஒரு மாதிரி இருக்கும், ஆனால் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவது அதுதான். குட்டி வளர்க்க ஆசையா? கொஞ்சம் பாசிச்செடி போட்டாலே சில தப்பிக்கும். மிச்சத்தை வாங்கிக்கொள்வாரா என்று கடைக்காரரிடம் முதல் நாளே கேட்டு வையுங்கள். குட்டியே வேண்டாம் என்றால் ஆண்களை மட்டும் வளர்க்கலாம். ஆனால் சின்ன தொட்டியில் சண்டை போடும். குறைந்தது மூன்றடித் தொட்டி, ஒளிய நிறையச் செடி, ஐந்தாறு ஆண்கள் என்றால் சமாளிக்கும்.