பி.பி. நார்மல் என்றால் போதுமா?



நம்ம வீடுகளில் ஒரு தீர்ப்பு எப்போதும் தயாராக இருக்கிறது. ஒரு பெண் "நாலு படி ஏறினா மூச்சு வாங்குது" என்றால், "பி.பி. நார்மல்தானே, உடம்பைக் குறை" என்கிறோம். வயதானவர் சொன்னால் "வயசாயிடுச்சு". மருமகள் சொன்னால் "வேலைக்குச் சோம்பல்". இந்தத் தீர்ப்பு ஆளைக் கொல்லும்.

கையில் பட்டை கட்டிப் பார்ப்பது, இதயத்தின் இடப்பக்கம் உடம்புக்கு அனுப்பும் ரத்தத்தின் அழுத்தம். வலப்பக்கம் நுரையீரலுக்கு அனுப்பும் ரத்தத்தின் அழுத்தம் வேறு. அது அந்தக் கருவிக்குத் தெரியாது. அங்கே சராசரி 20-ஐத் தாண்டினாலே அதிகம். கையில் 120/80 இருக்கும்போதே அங்கே 50 இருக்கலாம். நுரையீரல் ரத்தக்குழாய்கள் குறுகக் குறுக, வலப்பக்க இதயம் வீங்கித் தளரும். மூச்சிரைப்பு, கால் வீக்கம், நடக்கையில் மயக்கம், உதடு நீலமாவது எல்லாம் அதன் அடையாளங்கள்.

சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல் கெடுத்த வால்வு, கவனிக்காமல் விட்ட இதய ஓட்டை, நுரையீரலில் அடைத்த ரத்தக்கட்டி, பல வருஷம் விறகுப் புகையையும் பஞ்சுத் தூசியையும் சுவாசித்துக் கெட்ட நுரையீரல் என்று காரணங்கள் பல. ராஜபாளையம் மில்களில் உழைத்த குடும்பங்கள் யோசியுங்கள். சிலருக்குக் காரணமே தெரிவதில்லை. அவர்களில் பெண்களே அதிகம்.

2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீடு தேடி வந்து பி.பி. பார்க்கிறது. நல்ல திட்டம். ஆனால் அந்த எண் மூச்சிரைப்புக்குப் பதில் ஆகாது. "எக்கோ எடுக்க வேண்டுமா டாக்டர்?" என்று வாய்திறந்து கேளுங்கள். சந்தேகம் வந்தால், ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி அளந்து உறுதி செய்வார்கள்.

சில்டெனாஃபில் மாத்திரையைப் பார்த்து மருந்துக்கடையில் நமட்டுச் சிரிப்பு சிரிக்கிறவர்களுக்கும் ஒன்று: அது நுரையீரல் ரத்தக்குழாயைத் தளர்த்தும் மருந்து. 2005-லேயே அமெரிக்காவில் இந்த நோய்க்கு அனுமதி பெற்றது. பெண்களுக்கும் கொடுப்பார்கள். கூச்சப்பட்டு யாரும் நிறுத்திவிடாதீர்கள்.

கடைசியாக, பெரியவர்களுக்கு. இந்த நோய் உள்ள பெண்ணுக்குக் கர்ப்பம் உயிருக்கே ஆபத்து. "இன்னும் விசேஷம் இல்லையா?" என்று விசேஷ வீட்டில் நாலு பேர் முன்னால் கேட்பதை நிறுத்துங்கள். அவள் டாக்டர் சொன்னதைக் கேட்டு நடக்கிறாள். உங்களுக்கு விளக்கம் சொல்லக் கடமைப்பட்டவள் இல்லை.

வீட்டில் யாருக்காவது மூச்சு வாங்கினால், இந்த வாரமே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். போய்வந்து எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.