சோம்பலன்று, அசைவு

பெருந்தொற்று ஓய்ந்து ஆண்டுகள் சில கடந்த பின்னும் ஒரு கூற்று மட்டும் ஓய்ந்தபாடில்லை. "வீட்டிலிருந்து படிக்கச் சொன்னதற்கே மனம் உடைந்தது என்றால் இவர்கள் எப்படி வாழப் போகிறார்கள்? மண்ணெண்ணெய் விளக்கில் படித்த தலைமுறை அழவில்லையே!" என்பது அது. ஆசிரியர் அறைகளிலும் பரிசளிப்பு விழா மேடைகளிலும் இதனைக் கேட்கலாம். கூறுவோர் பெரும்பாலும் நல்லவர்களே. ஆயினும் கூற்று பிழையானது. பிழையானது மட்டுமன்று, கொடியதும் ஆகும்.

தாப்பாவிலிருந்து மலையேறுவோர் கேமரன் மலையில் முதலில் காணும் ஊர் ரிங்லெட். 1929இல் தொடங்கப்பெற்ற போ தேயிலைத் தோட்டம் அதனை அடுத்துள்ளது. கொழுந்து பறித்த கைகள் வளர்த்த பிள்ளைகள் இன்று கோலாலம்பூரிலும் தஞ்சோங் மாலிமிலும் பல்கலைக்கழகம் புகுகின்றனர். 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது, இத்தகைய மாணவர் பலர் விடுதிகளிலேயே முடங்க நேர்ந்தது. ஏப்ரல் இறுதியில்தான் கட்டங்கட்டமாக ஊர் திரும்ப இசைவு கிடைத்தது. மே மாத இறுதியில், சிலர் நீங்கலாக ஏனையோர்க்கு ஆண்டிறுதி வரை இணையவழிக் கல்வியே என்று உயர்கல்வி அமைச்சு அறிவித்தது. அக்டோபரில் வளாகம் புகலாம் என்று பெட்டி கட்டிப் புறப்பட்டவர்களை, அம்மாதம் 2ஆம் நாள் வந்த அறிவிப்பு பாதி வழியில் நிறுத்தியது.

அந்த மார்ச் மாதத்திலேயே, கேமரன் மலை உழவர்கள் விற்க வழியின்றிக் காய்கறிகளைக் கொட்டி அழித்த படங்கள் நாளேடுகளில் வந்தன. நாடு பதறியது, பதற வேண்டியதுதான். ஆனால் வாடிய கோசைப் படமெடுப்பது எளிது. லயத்து வீட்டின் ஒரு மூலையில், கைப்பேசித் திரையை நோக்கியபடி நாளுக்கு நாள் பேச்சுக் குறைந்து போன பிள்ளையை எவர் படமெடுப்பார்?

இதனை விளங்கிக்கொள்ள மேலைநாட்டு உளநூல்களைத்தான் புரட்ட வேண்டும் என்பதில்லை. தமிழாசிரியர் கையிலுள்ள தொல்காப்பியமே போதும். மெய்ப்பாட்டியல் அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு நிலைக்களன்களை வகுக்கிறது. வறுமையையும் இழவையும் விளக்க வேண்டா. அந்நாளில் அவை வீடுதோறும் புகுந்தன. ஒளிப்படக் கருவியைத் திறந்து வைக்குமாறு விரிவுரையாளர் பணிக்க, பின்னால் தொங்கும் துணிக்கொடியை மறைக்க வழியறியாது கூசிய மாணவி இளிவுக்குச் சான்று. அசைவு யாது? பண்டைய நிலை கெட்டு வேறாகி வருந்துதல் என்பார் உரையாசிரியர் பேராசிரியர். நண்பர் குழாம், நூலகம், விடுதி உணவுக்கூடத்துச் சிரிப்பு, தானே தன் நாளை ஆளும் உரிமை ஆகிய யாவும் ஒரே வாரத்தில் கெட்டன. சோம்பல் என்று மேடையில் இகழப்படும் நிலைக்கு இலக்கணம் தந்த பெயர் அசைவு. இவ்வியலைத் தேர்வுக்குக் கற்பித்துவிட்டு, எதிரே நிற்கும் மாணவனிடத்தில் அதனைக் காணத் தவறுவது என்ன புலமை?

மண்ணெண்ணெய் விளக்கைக் காட்டுவோர் ஒன்றை மறக்கின்றனர். அவ்விளக்கைச் சுற்றி அண்ணனும் தங்கையும் அடுத்த வீட்டுப் பிள்ளையும் அமர்ந்திருந்தனர். விடிந்தால் பள்ளி இருந்தது. அஃது இல்லாமை, தனிமை அன்று.

"தாய் தந்தை அருகிருக்கத் தனிமை ஏது?" என்று வினவுவாரும் உளர். குடும்பத்தில் முதன்முதல் பல்கலைக்கழகம் கண்ட பிள்ளை தன் அச்சத்தை யாரிடம் உரைக்கும்? வேலை முடித்து வந்த தாயிடம், "பாடம் விளங்கவில்லை, தோற்றுவிடுவேன் போலிருக்கிறது" என்று சொல்ல அதற்கு மனம் வராது. அன்பு மிகுந்த வீட்டில்தான் துயரை மறைப்பதும் மிகுகிறது.

2020 ஜூனில், சபாவின் பித்தாஸ் பகுதி மாணவி ஒருவர் இணைய அலை தேடி மரத்தின்மேல் தங்கித் தேர்வெழுதினார். தன்முனைப்பு உரையாளர்கள் அவரை விடாமுயற்சியின் வடிவமாக்கினர். அவர் உழைப்பு போற்றத்தக்கதே. ஆனால் மரமேற இயலாத பிள்ளைக்கு அவ்வுரையில் கிடைத்தது குற்றவுணர்வு ஒன்றே. மலைமடிப்புகளுக்கிடையே அலை எட்டாத தோட்டத்துப் பிள்ளையும் அதைக் கேட்டிருக்கும்.

காவல்துறைக் கணக்கின்படி இந்நாட்டில் தற்கொலைகள் 2020இல் 631, 2021இல் 1,142. இவை எல்லா அகவையினரையும் சேர்த்த எண், காரணங்களும் பல. எனினும், உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவரை ஓராண்டு வரை சிறையிலிடத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு அப்போது இடமளித்தது என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். உதவி கேட்பதே குற்ற ஒப்புதலாகுமோ என்று அஞ்சும் நிலை! 2023இல் அப்பிரிவு நீக்கப்பட்டது. ஆயினும், "இதெல்லாம் வெளியே தெரிந்தால் மானம் போகும்" என்று மாணவரை மனநல மருத்துவரிடம் செல்லவொட்டாமல் தடுக்கும் வாய்கள் இன்னும் மூடவில்லை.

ஆசிரியருக்கு இதில் என்ன வேலை, அவர்க்கு ஏது நேரம் என்பர். அம்மாதங்களில் இணையவழிப் பட்டிமன்றங்களுக்கும் கவியரங்குகளுக்கும் நேரம் இருந்தது. மின்சான்றிதழ்கள் மழையெனப் பொழிந்தன. ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியிலும் சேர்க்கைப் பதிவேடு உண்டு. அதில் பெயருள்ள பிள்ளை எந்தப் பல்கலைக்கழகத்தில் பயில்கிறது என்பதைத் தலைமையாசிரியர் பெருமையுடன் மேடையில் சொல்கிறார். அந்தப் பிள்ளையைத் தொலைபேசியில் அழைத்து, மதிப்பெண்ணைக் கேளாமல், "சாப்பிட்டாயா, உறங்கினாயா, யாரோடு பேசுகிறாய்?" என்று கேட்க ஐந்து மணித்துளி ஆகும். பதில் ஓரிரு சொல்லில் நின்றால், மறுவாரமும் அழைக்க வேண்டும்.