சான்றிதழைத் திரும்பப் பெறுங்கள்

2022 ஜூன் 13 அன்று தமிழகப் பள்ளிகள் புதிய கல்வியாண்டுக்குத் திறந்துவிட்டன. திரையரங்கிலும் திருமண மண்டபத்திலும் கூட்டத்துக்குக் குறைவில்லை. திருவிழாவுக்குத் தேர் இழுத்தாயிற்று, அசனமும் பரிமாறியாயிற்று. ஞாயிறு மறைக்கல்வி மட்டும் நம் பங்குகள் பலவற்றில் இன்னும் கைபேசிக்குள்ளேயே கிடக்கிறது. இதை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

2020 மார்ச் இறுதியில் கொரோனா ஊரடங்கால் ஆலயங்கள் மூடப்பட்டபோது வேறு வழி இல்லை. அதற்காக யாரையும் குறை சொல்லவில்லை. அந்தச் செப்டம்பரில் கதவு திறந்தது, இரண்டாம் அலையில் மீண்டும் மூடியது. 2021-இல் சில மாதங்கள் வெள்ளி, சனி, ஞாயிறுகளில் வழிபாட்டுத் தலங்களுக்குள் மக்களை அனுமதிக்கக் கூடாதென அரசு தடை விதித்திருந்தது. ஞாயிறு போனபின் மறைக்கல்விக்கு நாளேது என்று கைவிரித்தவர்களைக் கேட்கிறோம்: திங்கள் மாலையையும் செவ்வாய் மாலையையும் யார் தடை செய்தார்கள்?

அந்த இரண்டு ஆண்டுகளில் மறைக்கல்வி என்ற பெயரில் நடந்தது இதுதான். காலை எட்டு மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் ஒரு பிடிஎஃப் வந்து விழும். ‘மூன்றாம் பாடம். கேள்வி பதிலை நோட்டில் எழுதி போட்டோ அனுப்பவும்.’ அடியில் வரிசையாகக் கைகூப்பும் எமோஜிகள். அத்தோடு வகுப்பு முடிந்தது. வீட்டில் இருக்கும் ஒரே கைபேசி கடலுக்கோ கூலி வேலைக்கோ அப்பாவின் சட்டைப்பையில் போயிருக்கும்; அது திரும்பி வரும்போது பிள்ளை தூங்கியிருக்கும். ஆண்டுத் தேர்வு கூகுள் ஃபார்மில். அம்மா டிக் அடிக்க, அக்கா சரிபார்க்க, வீட்டுக்கு வீடு முழு மதிப்பெண். அதற்குச் சான்றிதழும் அச்சடித்துக் கொடுத்தோம்! அந்தச் சான்றிதழோடு முதல் ஒப்புரவுக்கு வந்து முழந்தாளிட்ட பிள்ளை, அடுத்து என்ன சொல்வதென்று தெரியாமல் விழித்தது.

பதின்வயதுப் பெண்பிள்ளைகளின் எண்களை, ஊரே இருக்கும் பங்குக் குழுக்களில் பெற்றோரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சேர்த்ததும் நடந்தது. இதை அலட்சியம் என்று சொல்லி விட்டுவிட முடியாது.

திருச்சபைச் சட்டம் 777-ஆம் எண் பங்குத்தந்தையர் அறியாததல்ல. ஒப்புரவு, நற்கருணை, உறுதிபூசுதல் ஆகியவற்றுக்குப் பிள்ளைகளைத் தகுந்த கால அளவு மறைக்கல்வியால் தயாரிப்பது பங்குத்தந்தையின் கடமை என்கிறது அது. புதுநன்மைக்குப் பின்னும் அந்தப் பயிற்சி ஆழமாகத் தொடர வேண்டும் என்றும் அதே எண் சொல்கிறது. தொற்றுக்காலத்தின் நடுவே, 2020 ஜூனில் உரோமை வெளியிட்ட மறைக்கல்வி வழிகாட்டி ஏடு இணையத்தின் பயனை மறுக்கவில்லை. ஆனால் மனிதர் நேருக்கு நேர் சந்திப்பதில் கிடைக்கும் அருளடையாள, திருச்சபை அனுபவத்துக்கு அது ஈடாகாது என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. நாமோ முதல் பாதியை மட்டும் படித்துவிட்டு மூடிவைத்தோம்.

ஆலயம் பூட்டியிருந்தால் மறைக்கல்வி இல்லை என்ற வாதத்தை முத்துக்குளித்துறையில் போய்ச் சொல்லிப் பாருங்கள். 1540-களில் சவேரியார் ஊருக்கு ஊர் கணக்கப்பிள்ளைகளை நியமித்துவிட்டு அடுத்த ஊருக்குப் போனார். குருவின் முகத்தைக் காண்பதே அரிதான அந்தக் காலத்தில் பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக்கொடுத்தவர்கள் அவர்கள். தமிழ் எழுத்தில் அச்சாகி நமக்குக் கிடைத்துள்ள முதல் நூலான ‘தம்பிரான் வணக்கம்’, 1578-இல் கொல்லத்தில் அச்சேறிய ஞானோபதேச நூல்தான். 1773-இல் சேசு சபை ஒடுக்கப்பட்டு குருக்கள் அருகிப்போன பின்னும் உபதேசியார்கள் ஊர்களைக் கைவிடவில்லை.

அவ்வளவு பின்னோக்கிப் போகவும் வேண்டாம். 2021 அக்டோபர் இறுதியில் தமிழக அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’யைத் தொடங்கியது. அந்தந்தத் தெருவின் தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், மாலையில் திண்ணையிலும் தெருவோரத்திலும் பிள்ளைகளை உட்காரவைத்துப் பாடம் சொன்னார்கள். அரசு அப்போதுதான் தெருத் தெருவாக ஆள் தேடியது. நமக்கோ தெருவுக்குத் தெரு அன்பியம் என்ற சிறு கிறிஸ்தவக் குழு முன்பே இருந்தது. அன்பியத்துக்கு ஐந்து பிள்ளைகளாவது திண்ணையில் கூடியிருக்க முடியாதா? அப்படிச் செய்த பங்குகள் சில இருக்கின்றன. அவர்களுக்கு இந்தத் தலையங்கம் தேவையில்லை. (ஆன்லைன் டியூஷனுக்கு மட்டும் பிள்ளையைத் தவறாமல் உட்காரவைத்த பெற்றோருக்குத் தேவைப்படும்.)

மறைக்கல்வி ஆசிரியர்களைக் குறைசொல்ல நமக்கு மனம் வரவில்லை. கல்லூரி மாணவியரும் இல்லத்தரசிகளும் தங்கள் செலவில் டேட்டா போட்டு, ஒரு நாள் பயிற்சிகூட இல்லாமல் இந்தப் பாரத்தைச் சுமந்தார்கள். 2021 மே மாதம் திருத்தந்தை பிரான்சிஸ் மறைக்கல்வி ஆசிரியப் பணியைத் திருச்சபையின் நிலையான பணியாகவே ஏற்படுத்தினார். இங்கே யூடியூப் நேரலைக்குக் கேமரா வாங்க நிதி இருந்தது. ஆசிரியருக்கு ரீசார்ஜ் செய்ய நிதி இல்லை.

நாம் கேட்பது ஆறுதல் வார்த்தைகளை அல்ல. கூகுள் ஃபார்ம் தேர்ச்சிகளைச் செல்லாதவை என்று மறைமாவட்டங்கள் அறிவிக்க வேண்டும். 2020-க்குப் பின் அவசர அவசரமாகப் புதுநன்மையும் உறுதிபூசுதலும் பெற்ற பிள்ளைகளுக்கு, விடுபட்ட பாடங்களை அன்பிய வாரியாக, நேரில், ஓராண்டு நடத்த வேண்டும். பிள்ளைகளின் எண்கள் உள்ள குழுக்களை இன்றே கலைத்துவிடுங்கள். தகவல் சொல்லப் பெற்றோர் குழு போதும். ஆசிரியர் பயிற்சிக்கென்று பங்குப் பேரவையின் வரவு செலவில் தனித் தலைப்பு வர வேண்டும்.

2022 ஆகஸ்டு 15 விண்ணேற்பு விழாவில் புதுநன்மை என்று நாள் குறித்திருக்கும் பங்குகள் உண்டு. வெள்ளைக் கவுன் தைத்தாயிற்று, அழைப்பிதழ் அச்சகத்துக்குப் போய்விட்டது என்பதெல்லாம் காரணமாகாது. பிள்ளைகள் தயாராகாத பங்குகளில் தேதியைத் தள்ளிவைக்கும்படி ஆயர்கள் ஜூலை முடிவதற்குள் சுற்றறிக்கை அனுப்ப வேண்டும்.