எட்டு ஆண்டு இருக்கிறதம்மா



நேற்று என் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். எல்.எல்.எம். முடித்து, கீழ்க்கோர்ட்டில் ஜாமீன் மனுக்களோடு அலைகிறவள். கைக்குழந்தைக்காரி.

"சட்டத்தில் பிஎச்.டி. பண்ண ஆசை சார். வீட்டில், குழந்தையை வைத்துக்கொண்டு எப்போது முடிப்பாய், யாருக்குப் பிரயோஜனம் என்கிறார்கள்" என்றாள்.

முதல் கேள்விக்கு யுஜிசியின் 2022 விதிகளே பதில் சொல்கின்றன. குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6. பெண்களுக்கு மேலும் 2 ஆண்டு சலுகை உண்டு. மகப்பேறு, குழந்தை பராமரிப்புக்கு 240 நாள் வரை விடுப்பும் உண்டு. பகுதி நேரமாகவும் செய்யலாம்.

இரண்டாவது கேள்விக்கு நான் சொல்கிறேன். ஜாமீன் உத்தரவு கிடைத்தும், கையெழுத்துப் போட ஆளில்லாமல் சிறையிலேயே கிடக்கிறவர்களை அவள் நேரில் பார்க்கிறாள். அது ஏன் என்று ஆராய அவளைவிடத் தகுதியானவர் யார்?

அம்மா, தலைப்பு உன் கோர்ட்டு வராந்தாவிலேயே இருக்கிறது. வழிகாட்டியை முதலில் தேடு. ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் 8 பேருக்குத்தான் வழிகாட்ட முடியும். அவரிடம் இடம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு விண்ணப்பம் போடு.

அவள் வீட்டுப் பெரியவர்களும் இதைப் படிப்பீர்கள். தினம் இரண்டு மணி நேரம் குழந்தையைப் பார்த்துக்கொள்ளுங்கள். மீதியை அவள் பார்த்துக்கொள்வாள்.

அன்புடன்,
உங்கள் சார்