பிரான்ஸ் கால்பந்து அணி: வெற்றிக்கு மட்டும் வழங்கப்படும் குடியுரிமை

1931ஆம் ஆண்டில் ரவுல் டியான் பிரான்ஸ் தேசியக் கால்பந்து அணிக்காகக் களமிறங்கினார். அந்த அணியில் ஆடிய முதல் கறுப்பின வீரர் அவர். அவருடைய தந்தை பிளேஸ் டியான், செனகலிலிருந்து பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் கறுப்பின ஆப்பிரிக்கர். அதே 1931இல் பாரிசில் காலனி நாடுகளின் மாபெரும் கண்காட்சி நடந்தது. அதையொட்டி, நியூ கலிடோனியாவின் கனாக் மக்கள் பாரிசுப் பூங்கா ஒன்றில் மனித மாமிசம் உண்போர் என்ற முத்திரையுடன் காட்சிக்கு வைக்கப்பட்டனர். அவர்களுள் தம் கொள்ளுத்தாத்தாவும் ஒருவர் என்று கூறியிருக்கிறார் கிறிஸ்தியான் கரம்பே. 1998 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் பிரான்சுக்காக ஆடியவர் அவர்.

ஒரே ஆண்டில், ஒரே நகரத்தின் இரு முகங்கள் இவை. திறமையுள்ள ஒருவருக்கு அணியின் சட்டையைக் கொடுப்பதும், அவரைப் போன்ற நிறமுள்ள மக்களை மனிதராகவே ஏற்க மறுப்பதும் அந்தக் குடியரசுக்கு முரண்பாடாகத் தோன்றவில்லை. அந்த அணியின் பின்னாளைய வரலாற்றை இந்த முரண்பாட்டிலிருந்தே வாசிக்க வேண்டும்.

1958இல் அல்ஜீரிய விடுதலைப் போர் உச்சத்தில் இருந்தது. பிரெஞ்சுக் கழகங்களில் புகழ்பெற்றிருந்த ரஷீத் மெக்லூஃபி, முஸ்தஃபா சித்தூனி உள்ளிட்ட வீரர்கள், உலகக் கோப்பைக்குச் சில வாரங்களே இருந்த நிலையில், இரகசியமாக வெளியேறித் துனிசியாவை அடைந்தனர். விடுதலை முன்னணியின் பெயரால் அங்கே ஓர் அணியை அமைத்தனர். ஃபிஃபா அவ்வணியை அங்கீகரிக்கவில்லை. நீலச் சட்டை தரும் புகழைவிடத் தம் மக்களின் தன்மதிப்பு பெரிது என்று அவர்கள் முடிவெடுத்தனர்.

அவ்வாண்டு உலகக் கோப்பையில் பிரான்ஸ் மூன்றாம் இடம் பெற்றது. அணியின் நாயகரான ரேமோன் கோபா, போலந்திலிருந்து குடியேறிய சுரங்கத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர். இளவயதில் தாமும் சுரங்கத்தில் உழைத்தவர். 1984இல் ஐரோப்பியக் கோப்பையை வென்ற அணியின் தலைவர் மிஷேல் பிளாட்டினி, இத்தாலியிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல். போலந்து, இத்தாலியத் தொழிலாளர்களும் தங்கள் காலத்தில் வெறுப்பைச் சந்தித்தவர்களே. ஆனால், ஓரிரு தலைமுறைகளில் அவர்களிடம் ‘நீ எந்த நாட்டவன்?’ என்று கேட்பது நின்றுபோனது.

லிலியன் துராமிடம் அந்தக் கேள்வி நிற்கவில்லை. அவர் பிறந்த குவாதலூப், இத்தாலி ஒரு நாடாக உருவாவதற்கு முன்பே பிரான்சின் ஆட்சிக்குட்பட்டிருந்த தீவு. 1848இல் அடிமைமுறை ஒழிக்கப்பட்டபோது அத்தீவின் மக்கள் பிரெஞ்சுக் குடிமக்களாயினர். ஆகவே, பிரச்சினை யார் எப்போது வந்தார் என்பதன்று. யாருக்குப் பிறந்தார் என்பதே.

1996இல் தீவிர வலதுசாரித் தலைவர் ழான் மரி லெ பென், இந்த அணியைச் செயற்கையானது என்று இகழ்ந்தார். 1998 ஜூலை 12 அன்று அதே அணி பிரேசிலை 3–0 என வீழ்த்தியது. இரண்டு கோல்களை அடித்த ஜிடேன், மார்சேயின் புறநகரில் அல்ஜீரியப் பெற்றோருக்குப் பிறந்தவர். கறுப்பரும் வெள்ளையரும் அரபியரும் ஒன்றிணைந்த பிரான்ஸ் பிறந்துவிட்டதாக அறிவித்தார்கள். நான்கே ஆண்டுகளில், 2002 ஏப்ரலில், லெ பென் குடியரசுத் தலைவர் தேர்தலின் இறுதிச் சுற்றுக்கு முன்னேறினார். கொண்டாட்டம் கொள்கையாக மாறவில்லை.

பிரெஞ்சு அரசமைப்பு, பிறப்போ இனமோ மதமோ பாராமல் குடிமக்கள் அனைவரும் சமம் என்கிறது. இந்த அடிப்படையில் இனவாரிக் கணக்கெடுப்பை அந்நாடு அனுமதிப்பதில்லை. எண்ணினால் பிரிவினை வளரும் என்பது வாதம். சாதிவாரிக் கணக்கெடுப்புக்கு எதிராக இதே வாதத்தைக் கேட்டுப் பழகியவர்கள் நாம். ஆனால் 2011 ஏப்ரலில் மீடியாபார் இணைய இதழ் ஓர் உண்மையை வெளிக்கொணர்ந்தது. கால்பந்துக் கூட்டமைப்பின் கூட்டமொன்றில், பயிற்சி மையங்களில் இரட்டைக் குடியுரிமைக்குத் தகுதியுள்ள சிறுவர்களின் எண்ணிக்கைக்கு வரம்பு விதிப்பது பற்றிப் பொறுப்பாளர்கள் பேசியிருந்தனர். அவர்கள் பின்னர் வேறு நாடுகளுக்கு ஆடப் போய்விடுகிறார்கள் என்பது சொல்லப்பட்ட காரணம். உடல்வலிமையும் வேகமும் கறுப்பருக்குரியவை என்ற பேச்சும் அங்கே எழுந்தது. தேசியத் தொழில்நுட்ப இயக்குநர் இடைநீக்கம் செய்யப்பட்டார். திட்டம் நடைமுறைக்கு வரவில்லை. எனினும் அதன் உள்ளடக்கம் தெளிவு. பாகுபாட்டை அளந்து நீதி வழங்குவதற்கு எண்ணக் கூடாது. உள்ளே வருவோரைத் தடுப்பதற்கு மட்டும் எண்ணலாம்.

தோல்வி நாட்களில் இந்த மனநிலை முகமூடியின்றி வெளிப்படுகிறது. 2021 ஐரோப்பியக் கோப்பையில் சுவிட்சர்லாந்துக்கு எதிராகப் பெனால்டியைத் தவறவிட்ட எம்பாப்பே, இனவெறி வசைகளுக்கு ஆளானார். 2022 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் தவறவிட்ட கோமானும் சுவாமேனியும் அதையே சந்தித்தனர். நமக்கு இது புதிதன்று. டோக்கியோ ஒலிம்பிக்கில் வந்தனா கட்டாரியா ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் அடித்தார். சில நாட்களில் இந்திய மகளிர் ஹாக்கி அணி அரையிறுதியில் தோற்றது. அவரது வீட்டின் முன் பட்டாசு வெடித்துச் சாதியைச் சொல்லி இழிவுபடுத்தியதாகக் குடும்பத்தினர் புகாரளிக்க, கைதுகள் நடந்தன. களமும் நிறமும் வேறு. பிறப்பைத் தோண்டியெடுக்கும் கை ஒன்றே.

2024 ஜூனில் பிரான்ஸ் திடீர்த் தேர்தலை எதிர்கொண்டது. லெ பென் நிறுவிய கட்சியின் வாரிசான தேசியப் பேரணிக் கட்சி ஆட்சிக்கு வந்துவிடாமல் போராட வேண்டும் என்று லிலியன் துராமின் மகனும் அணி வீரருமான மார்கஸ் துராம் வெளிப்படையாகக் கூறினார். அணித்தலைவர் எம்பாப்பேயும் தீவிரவாத அரசியலுக்கு எதிராக வாக்களிக்குமாறு இளைஞர்களை வேண்டினார். பெரும் ஊதியம் பெறும் வீரர்கள் மக்களுக்குப் பாடம் நடத்தக் கூடாது என்பது அக்கட்சித் தலைவர் பர்தெல்லாவின் மறுமொழி. பர்தெல்லாவும் இத்தாலியக் குடியேறிகளின் குடும்பத்தில் பிறந்தவர்தான். அவரது பிரெஞ்சுத் தன்மையை எவரும் ஐயுறுவதில்லை. தந்தை உலகக் கோப்பையை வென்று கொடுத்த பிறகும், அதே அச்சத்தை எதிர்த்து மகனும் பேச வேண்டியிருக்கிறது.

பிரதிநிதித்துவத்தின் மதிப்பை இவ்வரலாறு மறுக்கவில்லை. அதன் எல்லையைக் காட்டுகிறது. பதினொருவர் களத்தில் இருப்பது தேவை. ஆனால் எம்பாப்பே வளர்ந்த போந்தி நகரின் பிள்ளைகளுள் பெரும்பாலோர் பந்தால் புகழ்பெறப் போவதில்லை. அவர்கள் வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும், வாடகைக்கு வீடு தேடும்போதும், காவலர் வழிமறிக்கும்போதும் நடத்தப்படும் விதமே அந்நாட்டுச் சமத்துவத்தின் அளவுகோல். உரிமை என்பது வெற்றிக்குத் தரப்படும் பரிசாக இருக்கும்வரை, அடுத்த பெனால்டி தவறும்போது அது பறிக்கப்படும்.